லாரி எங்கே நிற்கிறது?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடக்கும். எத்தனை மணல் மூட்டை, எத்தனை ஜே.சி.பி., எத்தனை மரம் அறுக்கும் இயந்திரம், எத்தனை படகு, எத்தனை முகாம் என்று துறைவாரியாக வாசிப்பார்கள். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி வரும். இந்தச் செய்திகளை நாங்கள் பல ஆண்டுகளாகக் கத்தரித்து வைத்திருக்கிறோம். அவற்றில் பொய் இருப்பதாகச் சொல்ல மாட்டோம். மூட்டைகள் இருக்கின்றன, படகுகளும் இருக்கின்றன. ஆனால், ஊர்த் தெருவிலிருந்து காலனிக்கு எவ்வளவு தூரம், நடுவில் ஓடையா வாய்க்காலா, மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்ற கணக்கை ஒரு கூட்டத்திலும் வாசித்ததாக நாம் படித்ததில்லை.

இந்தக் கணக்கு ஏன் வேண்டும் என்பதை ஃபெஞ்சல் புயல் சொல்லிவிட்டுப் போனது.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்தப் புயல், கடந்த கையோடு நகரவில்லை. அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை இரு கரையையும் மீறியது. அரசூர் அருகே சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடி வாகனங்கள் நின்றன. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயில்களும் நின்றன. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் மூன்று மாதம் முன்பு திறந்த உயர்மட்டப் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. ஆக, விழுப்புரம் மாவட்டத்தின் முதுகெலும்பாக இருந்த சாலையும் தண்டவாளமும் ஒரே நாளில் அறுந்தன. அந்த முதல் இரண்டு நாளில் யாருக்கும் எதுவும் போய்ச் சேரவில்லை என்று எந்த அதிகாரியாவது சொன்னால் அதை நாங்கள் ஏற்றுக்கொள்வோம். அன்று தண்ணீர் சாதி பார்க்கவில்லை.

மூன்றாவது நாளிலிருந்துதான் எங்களுக்குக் கேள்வி.

தென்பெண்ணைக் கரையோரம் ஒரு ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. நாம் எழுதிவிட்டுப் போய்விடுவோம், அங்கே இருந்து பிழைக்க வேண்டியவர்கள் அவர்கள். ஊர் மேட்டில் இருக்கிறது. காலனி ஓடைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு தரைப்பாலம். சாதாரண நாளில் மூன்று நிமிட நடை. நாங்கள் போன அன்று சென்னையிலிருந்து நல்ல மனம் கொண்ட யாரோ அனுப்பிய ஒரு லாரி வந்து மாரியம்மன் கோயில் திடலில் நின்றது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். காலனிக்காரர்களும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள். வந்தவர்களைத் தனி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பாதிப் பேர் வரவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் திருவிழாவின்போது அதே திடலில் நடந்த தகராறில் வழக்கு வாங்கிய பையன்களின் தாய்மார்கள் எப்படி அங்கே போய்க் கையேந்தி நிற்பார்கள்?

நாங்கள் லாரி ஓட்டுநரிடம் போனோம். முப்பது வயது இருக்கும், இரவு முழுக்கத் தூங்காத கண். "அண்ணே, நான் எங்க வேணும்னாலும் போவேன். எனக்குத் திருப்பறதுக்கு இடம் வேணும். அந்தப் பாலத்துல இறக்கினா வண்டி சாஞ்சிடும்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அவருக்கு அந்த ஊரின் சாதிக் கணக்கு தெரியாது. அவர் கையில் இருந்தது ஒரு தொலைபேசி எண். அது ஊர்ப் பெரியவர் ஒருவருடையது. தார்ச் சாலை எங்கே முடிகிறதோ, லாரி திரும்ப எங்கே இடம் இருக்கிறதோ, தொலைபேசி எண் யாருடையதோ அங்கே பொருள் இறங்கும். அந்த மூன்றையும் பல தலைமுறைக்கு முன்பே சாதி தீர்மானித்து வைத்துவிட்டது. அன்றைக்குப் புதிதாக யாரும் கெட்ட எண்ணம் கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மாலையில் மிச்சம் காலனிக்கு வந்தது. பழந்துணி மூட்டை ஏழு, முந்தைய தேதி போட்ட ரொட்டிப் பாக்கெட்டுகள், ஒரு சாக்கு பிஸ்கட். தண்ணீர் பாட்டில் இல்லை. அரிசி இல்லை. ஒரு மூதாட்டி மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்பா, ஊர்ல குடுத்தது போக மீதியா இது? எட்த்துனு போங்கப்பா" என்றார். நாங்கள் கொண்டுவந்த மூட்டை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பேரிடர் நிவாரணத்தைப் படிப்பாகப் படித்தவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். நிவாரணத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் 60 முதல் 80 சதவீதம் வரை பொருளை வாங்கி, சேர்த்து, ஏற்றி, இறக்கி, இருப்பு வைத்து, கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே போகிறது என்பது அது. இதை 'விநியோகச் சங்கிலி' என்கிறார்கள். அதில் மிகக் கடினமான கண்ணி கடைசி மைல்தான் என்பதும் அவர்கள் சொல்வதே. 2010இல் ஹைட்டி நாட்டில் நிலநடுக்கம் வந்தபோது துறைமுகம் நொறுங்கிப் போனது. உலகமெல்லாம் அனுப்பிய பொருள் ஒற்றை ஓடுபாதை கொண்ட விமான நிலையத்தில் வந்து குவிந்து நின்றது. வெளியே ஜனங்கள் தண்ணீருக்குத் தவித்தார்கள். பொருள் இருப்பது வேறு, பொருள் போய்ச் சேர்வது வேறு. நம் மாவட்டத்தில் கடைசி மைல் ஒரு மைல்கூட இல்லை, அரை பர்லாங்கு. அதைக் கடக்க முடியாததற்கு மழையை மட்டும் காரணம் காட்ட முடியாது.

இது ஃபெஞ்சலில் ஆரம்பித்த கதை அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்தவர்களில் மிகப் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தினர், 6,000க்கும் மேற்பட்டோர். மீனவ மக்கள் பட்ட துயரத்துக்கு அளவில்லை. அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையும் இல்லை, நோக்கமும் இல்லை. ஆனால், பொருள் எந்த வழியில் பங்கிடப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. வரி கட்டும் 'தலைக்கட்டு' யார் யார் என்று அதனிடம் பட்டியல் தயாராக இருக்கும். அரசும் தொண்டு நிறுவனங்களும் அந்தப் பட்டியலைத்தான் கையில் எடுத்தன. அவசரத்துக்கு அது வேகமான வழி. நாமே அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்போமோ என்னவோ. ஆனால், தலைக்கட்டில் வராதவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கணவனை இழந்து தனியாக நின்ற மீனவப் பெண்களில் பலர் அதில் இல்லை. கடற்கரையை ஒட்டிய சேரியில் வாழ்ந்து மீன் சுமந்தும், உப்பளத்திலும் வயலிலும் கூலி பார்த்தும் பிழைத்த தலித்துகள் முற்றிலும் இல்லை. முகாமில் சேர்ந்து தங்க விடாதது, தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க விடாதது எல்லாம் அன்றே மனித உரிமை அமைப்புகளால் பதிவு செய்யப்பட்டு உலகம் முழுக்கப் போனது.

அதே சுனாமியில்தான் படகுகளும் வந்தன. நன்கொடை கொடுத்தவர்களுக்குப் படகு கொடுப்பது பிடித்திருந்தது. படகின் மேல் பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிக ஃபைபர் படகுகள் வந்து கரையில் நின்றன என்று மீன்வளத் துறை ஆய்வாளர்கள் பின்னால் எழுதினார்கள். உப்பு ஏறிய வயலில் இனி நடவு இல்லை என்று நின்ற கூலிக்காரப் பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் இழந்தது ஒரு பொருள் அல்லவே, வாங்கிக் கொடுப்பதற்கு. ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை என்ற ஒரு நம்பிக்கைதான் அவளிடமிருந்து போனது. கேட்பதைக் கொடுக்காமல் இருப்பதைத் தள்ளிவிடும் இந்த வழக்கத்தின் அடுத்த முனைதான் பழந்துணி. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் மலை மலையாகத் துணி கிடந்ததை அந்த நாட்களில் போனவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மீனவர்கள் அதை உடுத்த மறுத்தார்கள். சரியான மறுப்பு. அந்த மறுப்பைத் தன்மானம் என்று எழுதிய அதே பேனாக்கள், சேரிக்காரர் மறுத்தால் 'நிவாரணத்தில் திருப்தி இல்லை' என்று எழுதும்.

இன்னொரு விநியோகமும் அப்போது நடந்தது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பிணங்களை எடுக்க ஆள் தேவைப்பட்டது. மற்ற மாவட்ட நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் வாகனங்களில் ஏற்றி நாகைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2015இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோதும் அப்படியே வெளி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர், பறையர், ஆதி ஆந்திரர். ஒரு இரவில் ஆயிரம் பேரை அடையாளம் கண்டு, அழைத்து, வண்டி ஏற்றி, நூறு கிலோமீட்டர் தாண்டி வேலைக்கு இறக்க இந்த நிர்வாகத்தால் முடிகிறது. சங்கிலியின் ஒரு கண்ணியும் அறுவதில்லை. அதே நிர்வாகத்தால் அதே மக்களின் குடியிருப்புக்கு ஒரு தண்ணீர் லாரியைக் கொண்டுபோக முடியாமல் போகும்போதுதான் திறமைக் குறைவு என்ற சொல்லை நம்பச் சிரமமாக இருக்கிறது.

பட்டியலுக்கு வருவோம். லாரி தெரு வரை வந்துவிட்டாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் கை நீட்ட முடியாது.

ஃபெஞ்சலுக்குப் பின் மாநில அரசு அறிவித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். இடிந்த குடிசைக்கு 10,000. பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. மாடு இறந்தால் 37,500, ஆடு இறந்தால் 4,000. இதில் குடும்ப அட்டைக்குப் பணம் என்பதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். பணத்துக்கு லாரி வேண்டாம், திருப்ப இடம் வேண்டாம், மிச்சம் என்ற பேச்சும் இல்லை. காலனிக்காரர் வாங்கும் 2,000 ரூபாயும் ஊர்க்காரர் வாங்கும் 2,000 ரூபாயும் ஒரே நோட்டு. தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டம் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக இருப்பதால்தான் இது சாத்தியமானது. ஆண்டு முழுக்க இயங்கும் ஒரு சங்கிலி ஏற்கெனவே இருக்கும்போது ஆபத்து நேரத்தில் புதிதாக ஒன்றைப் பின்ன வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால், அங்கேயும் ஓட்டைகள் இருந்தன. ஒரே குடிசையில் மூன்று குடும்பம், அட்டை ஒன்று. கல்யாணமாகி நான்கு வருடமாகியும் தனி அட்டைக்கு மனு போட்டுக் காத்திருக்கும் மகன், அப்பாவின் அட்டையில்தான் இருக்கிறான். கை ரேகை வைக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும், சிக்னல் வேண்டும். இரண்டும் கடைசியாக வந்து சேர்வது எந்தத் தெருவுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? குடிசைக்கு 10,000 என்றால் கணக்கெடுக்க வருபவர் வீட்டு வரி ரசீது கேட்கிறார். ஏரிப் புறம்போக்கில் முப்பது வருடம் குடியிருந்தவரிடம் ரசீது ஏது? 'தொகுப்பு வீடு' என்று 80களிலும் 90களிலும் கட்டிக் கொடுத்த கான்கிரீட் பெட்டிகளின் கதை இன்னும் பரிதாபம். கூரை ஒழுகிச் சுவர் ஊறிக் கம்பி பல்லிளித்து நின்றாலும், விழவில்லை அல்லவா, அதனால் பாதிப்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். 'விழுந்தா ஆள் போயிடும், விழலன்னா காசு வராது' என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பயிர்க் கணக்கு அடங்கலைப் பார்த்து எழுதப்படுகிறது. அடங்கலில் பெயர் உள்ளவர் நிலத்துக்காரர். வாய்ப் பேச்சில் குத்தகைக்கு எடுத்து, வட்டிக்கு வாங்கி நட்டவர் பெயர் அதில் வராது. நடவு, களை, அறுப்பு என்று அந்த வயலை நம்பியிருந்த கூலிக் குடும்பங்களும் வராது. 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலின்போதும் இதே கதைதான். விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று 1,100 ரூபாய் அறிவித்தார்கள். தோப்புக்காரருக்கும் அது போதாதுதான்; பிள்ளை மாதிரி வளர்த்த மரம். ஆனால், மரம் ஏறியவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்ணுக்கும் எந்த மரத்தின் கணக்கில் எழுதுவது? தென்னை நட்டுக் காய்க்க ஐந்தாறு வருடம். அத்தனை வருடமும் அவர்களுடைய அடுப்பு எதை வைத்து எரிந்திருக்கும்? திருப்பூருக்கு எத்தனை பேர் பஸ் ஏறினார்கள் என்று அரசிடம் கணக்கு இருக்காது.

இங்கே எங்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மற்றவர் சங்கிலியைப் பழித்துவிட்டு நம் கண்ணியை மறைப்பது நேர்மை ஆகாது.

அந்த மாலை பழந்துணி மூட்டையைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் நாங்கள் திண்டிவனத்தில் நண்பர்களிடம் கையேந்திப் பணம் சேர்த்தோம். ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், மெழுகுவத்தி, நாப்கின், பாய், போர்வை என்று 200 பை கட்டினோம். ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பேசி, தரைப்பாலம் வடிந்த அன்றே காலனிக்குள் நேராகக் கொண்டுபோய் நிறுத்தினோம். காலனியில் 180 அட்டை என்று முன்பே கேட்டு எழுதியிருந்தோம். வரிசை இல்லை, கூட்டம் இல்லை. வீடு வீடாகப் போய்க் கொடுத்தோம். அன்றைக்கு எங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. மிச்சம் 20 பையை ஒரு வீட்டில் வைத்துவிட்டு, 'விடுபட்டவங்க யாராவது இருந்தா குடுங்க' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

பத்து நாள் கழித்துத் தெரிந்தது, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் 11 இருளர் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் யாருக்கும் எதுவும் வரவில்லை. ஊர் லாரியிலிருந்தும் இல்லை, எங்கள் பையிலிருந்தும் இல்லை. ஆறு குடும்பத்துக்கு அட்டையே கிடையாது. அதே காலனியின் கோடியில் இருந்த புதிரை வண்ணார் குடும்பம் ஒன்றும் விடுபட்டிருந்தது. மிச்சப் பைகள் என்ன ஆயின என்று விசாரித்தோம். வைத்திருந்த வீட்டுக்காரர் திருடவில்லை. சொந்தபந்தத்தில் கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். "அவங்க வந்து கேக்கலியே" என்றார். ஊர்த் திடலில் மூன்று நாள் முன்பு எங்களிடம் சொல்லப்பட்ட பதிலும் எழுத்து மாறாமல் இதுவேதான். எங்களில் ஒரு தோழர் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் எழுதிக் கொண்டுபோனது அட்டை எண்ணிக்கை. ஆள் எண்ணிக்கை அல்ல. எங்களுக்கும் ஒரு தொலைபேசி எண்தான் இருந்தது. அது காலனியின் நடுத்தெருவில் இருந்த எங்கள் அமைப்புக்காரருடையது. ஊர்க்காரரின் லாரியைக் குறை சொன்ன எல்லா வாக்கியங்களும் அளவு குறைந்து எங்கள் குட்டி யானைக்கும் பொருந்தின. ஏற்கத் தயங்கும் தோழர்கள் உண்டு. ஊர் செய்த விலக்கையும் நாம் செய்த மறதியையும் ஒரே தராசில் வைக்காதே என்கிறார்கள். ஒரே தராசில் வைக்கவில்லை. ஊருக்கு அதிகாரம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, அடிக்கவும் முடிகிறது. ஆனால், பட்டினி கிடந்த இருளர் குழந்தைக்கு அந்த வித்தியாசம் வயிற்றில் தெரிந்திருக்குமா?

சட்டம் என்ன சொல்கிறது? சுனாமிக்கு அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம். நல்ல பிரிவு. அதை மீறினால் என்ன தண்டனை என்று தேடிப் பார்த்தால், அந்தப் பிரிவுக்கென்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. அதே சட்டத்தில் 52ஆவது பிரிவு உண்டு. பொய்யாக நிவாரணம் கோருபவருக்கு இரண்டாண்டு வரை சிறை. இடியாத குடிசையை இடிந்தது என்று சொன்ன ஏழைக்கு இருக்கும் தண்டனை, ஒரு தெருவையே விட்டுவிட்டுப் போனவருக்கு இல்லை. பொதுத் தண்ணீரையும் பொதுவழியையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. முகாமில் குழாயை மறித்தால் அதன் கீழ் புகார் கொடுக்கலாம். ஆனால், லாரி திரும்ப இடம் இல்லாததை எந்தப் பிரிவில் எழுதுவது? அங்கேதான் நிர்வாகம் வேலை செய்ய வேண்டும்.

புயல் ஏற்பாட்டில் ஒடிசாவை முன்மாதிரி என்பார்கள். 1999 சூப்பர் புயலில் பாடம் படித்த அந்த மாநிலம், 2013 பைலின் புயலின்போது ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றி உயிர்களைக் காத்தது. பாராட்ட வேண்டிய சாதனை. அதே ஒடிசாவில்தான் 2019 ஃபானி புயலின்போது பூரி மாவட்டத்தில் தலித் குடும்பங்களைத் தங்குமிடத்தில் சேர்க்க மறுத்ததாகச் செய்தி வந்தது. கட்டடம் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் ஏற்பாட்டில் சேர்ந்ததே.

நம் மாநிலத்தில் வெள்ளம், புயலால் பாதிக்கப்படக்கூடிய இடங்கள் 4,133 என்று கண்டறிந்து, அதிகம், மிதம், குறைவு என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால், நாங்கள் பார்த்த பட்டியல்களில் இடம் என்றால் வருவாய்க் கிராமத்தின் பெயர்தான். ஊர் மேட்டில் இருக்க, காலனி பள்ளத்தில் இருக்க, இருளர் குடிசை ஏரி உள்வாயில் இருக்க, மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே தரம். இந்தப் பட்டியலைக் குடியிருப்பு வாரியாகப் பிரித்து எழுத என்ன செலவாகும்? கிராம உதவியாளருக்கு ஒவ்வொரு குடிசையும் தெரியும். இரண்டு நாள் வேலை. எந்தக் குடியிருப்புக்கு லாரி போகும், எதற்குச் சின்ன வண்டிதான் போகும், எதற்குப் படகு வேண்டும் என்று மழைக்கு முன்பே எழுதி வைத்துவிட்டால், தானம் கொடுக்க வருபவர் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வண்டி பிடிப்பார். இப்போது அவர் நெடுஞ்சாலையில் யார் கை காட்டுகிறார்களோ அங்கே இறக்கிவிட்டுப் போகிறார்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓடைக்கு அப்பால் இருக்கும் குடியிருப்புகளுக்கு ஒரு மாத அரிசியை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். காலனி அங்கன்வாடியிலோ சமுதாயக் கூடத்திலோ பருப்பும் குளோரின் மாத்திரையும் தார்ப்பாயும் பூட்டி வைத்து, சாவியை அந்தக் குடியிருப்பின் மகளிர் குழுவிடம் கொடுக்கலாம். தண்ணீர் வந்த பிறகு கடக்க முடியாத அரை பர்லாங்கை, தண்ணீர் வரும் முன் ஒரு ட்ரை சைக்கிளிலேயே கடந்துவிட முடியும். உலக அளவில் நிவாரணத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகளில் ஒன்று, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். அடிபம்பின் தலையை மூன்றடி உயர்த்திக் கட்டினாலே பல காலனிகளில் அந்த அளவு கிடைத்துவிடும். கணக்கெடுக்க வருபவர் எந்தக் குடியிருப்பில் எத்தனை குடிசை என்று எழுதியதை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தனி ஊராட்சியின் தலித் தலைவர் ஒருவர், "ஒட்டறதுக்குப் பலகைய நான் தொட்டாத்தானே" என்றார். அவர் அலுவலகச் சாவி இன்னும் முன்னாள் தலைவர் வீட்டில் இருக்கிறது.

இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு நாங்களும் ஒரு மனு எடுத்துப் போகிறோம். மூன்று ஒன்றியங்களில் 46 குடியிருப்புகளை நடந்து பார்த்து, ஊரிலிருந்து தூரம், நடுவில் ஓடை, பாலத்தின் உயரம், வண்டி திரும்ப இடம், அட்டை உள்ள குடும்பம், அட்டை இல்லாத குடும்பம் என்று ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம். முதல் பக்கத்தில் இருப்பது அந்த 11 இருளர் வீடுகள். இப்போது ஒன்பதுதான் இருக்கின்றன. இரண்டு குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. தரைப்பாலத்துக்குப் பதில் உயரமான சிறுபாலம் கட்ட ஜனவரியில் வந்து அளவெடுத்துவிட்டுப் போனார்கள். அடித்த முளைக்குச்சிகளில் இரண்டு இன்னும் நிற்கின்றன.